தாயோ என்றால் நாம்: மணிலா தேசிய மானிடவியல் அருங்காட்சியகம்

மணிலாவின் ரிசால் பூங்காவில் அக்ரிஃபினா வட்டம் என்றொரு திடல் உண்டு. அதன் இருபுறமும் உயர்ந்த தூண்களோடு இரண்டு கட்டடங்கள் எதிரெதிரே நிற்கின்றன. ஒன்று வேளாண் துறைக்காகவும் மற்றொன்று நிதித் துறைக்காகவும் அமெரிக்கர் ஆட்சிக்காலத்தில் எழுப்பப்பட்டவை. அவ்விரு துறைகளின் ஆங்கிலப் பெயர்த் துணுக்குகளை ஒட்டித்தான் வட்டத்துக்கு அந்தப் பெயர் வந்தது. 1945-இல் நடந்த மணிலாப் போரில் சிதைந்து, பின்னர் மீட்டுக் கட்டப்பட்ட நிதித் துறைக் கட்டடமே இன்றைய தேசிய மானிடவியல் அருங்காட்சியகம். வேலை நிமித்தம் இந்நகரில் தங்கியிருந்த காலத்தில் நான்கு முறை அங்கே போய்வந்தேன். மணிலாவில் எதைப் பார்ப்பது என்று ஊரிலிருந்து கேட்கும் நண்பர்களுக்குத் தொலைபேசியில் சொல்லிச் சொல்லி முடிக்க முடியாமல் போனதை இங்கே எழுதுகிறேன்.

முதல் முறை நான் தனியாகப் போகவில்லை. பெயரைச் சொல்ல விரும்பாத ஒரு சுற்றுலா நிறுவனத்தின் அரைநாள் பேருந்துப் பயணத்தில் பணம் கட்டிப் போனேன். வழிகாட்டி இனிமையாகப் பேசினார், நேரத்துக்கு வந்தார், குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். ஆனால் பிலிப்பைன்ஸின் வரலாறு அவருடைய வாயில் 1521-இல், மெகல்லனின் கப்பல்கள் கரை தட்டிய நாளில்தான் பிறந்தது. அதன்பின் 333 ஆண்டு ஸ்பெயின், ஏறத்தாழ 50 ஆண்டு அமெரிக்கா, மூன்றாண்டு ஜப்பான் என்று ஆட்சியாளர்களின் வரிசையாகவே கதை ஓடியது. அருங்காட்சியகத்துக்கு அவர் ஒதுக்கிய நேரம் அரை மணிக்கும் குறைவு. மக்கள் அந்தக் கதையில் எங்கே இருந்தார்கள் என்ற கேள்வியோடு பேருந்தில் ஏறினேன். அந்தக் கேள்விக்காகவே அடுத்த மாதம் மறுபடி போனேன். இந்த அருங்காட்சியகத்தைக் கூட்டத்தோடு பேருந்தில் போய்ப் பார்க்க வேண்டாம் என்பது என்னுடைய முதல் பரிந்துரை.

உள்ளே நுழையும் முன் ஒரு சொல்லை மனத்தில் வைத்துக்கொண்டால் பார்வையே மாறிவிடும். மணிலாவின் மொழியான தகலோக்கில் வரலாற்றுக்குக் காசாய்சாயன் என்று பெயர். அதன் வேர் சாய்சாய். பொருள், பயன், பெறுமதி என்று அதற்கு அர்த்தம் சொல்லலாம். பிலிப்பைன்ஸ் பல்கலைக்கழகத்தின் வரலாற்றாசிரியர் சேயுஸ் சலசார், தன் மக்கள் குழுவுக்குப் பொருளுள்ள எடுத்துரைப்பே வரலாறு என்று இந்தச் சொல்லை விளக்கினார். அந்த விளக்கத்திலிருந்து அவர் வளர்த்த சிந்தனை முறைக்குப் பன்தாயோங் பனானவ் என்று பெயர். அது தாயோ என்னும் சொல்லின்மேல் நிற்கிறது. தகலோக்கில் தன்மைப் பன்மைக்கு இரண்டு சொற்கள் உள்ளன: கேட்பவரையும் சேர்த்துக்கொள்வது தாயோ, கேட்பவரை விலக்குவது காமி. இதை ஆங்கிலத்தில் விளக்க ஒரு பத்தி தேவைப்படும். தமிழருக்கு நாம், நாங்கள் என்ற இரண்டு சொற்களே போதும். அயலாரிடம் 'நாங்கள் இப்படிப்பட்டவர்கள், எங்களை மதியுங்கள்' என்று முறையிடும் வரலாறு ஒன்று. தமக்குள் 'நாம் யார்' என்று பேசிக்கொள்ளும் வரலாறு இன்னொன்று. இரண்டாவது வகையே தம் மக்களுக்கு வேண்டும் என்பது சலசாரின் வாதம். நான்கு முறையும் ஒவ்வொரு கூடத்திலும் இந்த அளவுகோலையே கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

தமிழ் வாசகர் நேராகப் போக வேண்டிய இடம் லகுனா செப்பேடு. ஏறக்குறைய 20 சென்டிமீட்டருக்கு 30 சென்டிமீட்டர் அளவுள்ள, கறுத்துப்போன மெல்லிய தகடு அது. 1989-இல் லகுனா ஏரியில் கலக்கும் லும்பான் ஆற்றின் முகத்துவாரத்தருகே மண் அள்ளியபோது கிடைத்தது. பழம்பொருள் வணிகர்களின் கைகளைக் கடந்து தேசிய அருங்காட்சியகத்துக்கு வந்து சேர்ந்தது. மிண்டோரோ தீவின் மங்யான் மக்களிடையே நெடுங்காலம் வாழ்ந்த டச்சு ஆய்வாளர் அந்தோன் போஸ்ட்மா அதைப் படித்து, 1992-இல் தன் வாசிப்பை வெளியிட்டார். அதுவரை இந்நாட்டின் எழுதப்பட்ட வரலாறு ஸ்பானியர் வருகையோடு தொடங்கியதாகவே பாடநூல்கள் சொல்லிவந்தன. பத்து வரிகள் கொண்ட இந்தத் தகடு அந்தத் தொடக்கத்தை ஒரே வீச்சில் 600 ஆண்டுகளுக்கு மேல் பின்னுக்குத் தள்ளிவிட்டது.

தகடு 'ஸ்வஸ்தி' என்று தொடங்குகிறது. நம் கோயில் சுவர்களில் 'ஸ்வஸ்திஸ்ரீ' என்ற தொடக்கத்தைப் பார்த்துப் பழகியவர்கள் இந்த இடத்தில் சற்று நின்றுவிடுவார்கள்; நானும் நின்றேன். அடுத்து நாள் குறிக்கப்படுகிறது: சக ஆண்டு 822, வைசாக மாதம், தேய்பிறைச் சதுர்த்தி, திங்கட்கிழமை. இன்றைய கணக்கில் அது கி.பி. 900 ஏப்ரல் 21. சோழ நாட்டில் முதலாம் ஆதித்தன் ஆண்டுகொண்டிருந்த காலம். மொழி பழைய மலாய். இடையிடையே சமஸ்கிருதமும் பழைய சாவகச் (ஜாவா) சொற்களும் கலந்துள்ளன. எழுத்து கவி எனப்படும் சாவக எழுத்து. அது பல்லவ எழுத்திலிருந்து பிறந்தது என்பதால், காஞ்சிபுரத்துக்கும் இந்தக் கண்ணாடிப் பேழைக்கும் இடையே ஒரு நேர்க்கோடு இருக்கிறது.

செய்தி மிக எளியது. நம்வரன் என்பவர் பட்ட கடன் ஒரு கட்டியும் எட்டு சுவர்ணமும் எடையுள்ள பொன், அதாவது இன்றைய நிறையில் 900 கிராமுக்குச் சற்று மேல். அந்தக் கடன் தீர்ந்துவிட்டதென்று அவருடைய பிள்ளைகளான அங்காத்தான் என்ற பெண்மணிக்கும் அவர் உடன்பிறந்த புக்காவுக்கும் எழுதித் தரப்பட்ட சான்று இது. துண்டுன் தலைவரின் சார்பில் பைலாவின் ஜெயதேவா அதை வழங்குகிறார். துண்டுன் என்பது இன்று மணிலாவில் மக்கள் நெருக்கியடித்து வாழும் தொண்டோ என்று பெரும்பாலான அறிஞர்கள் கொள்கிறார்கள். நாளை எவரேனும் வந்து இந்தக் கடன் இன்னும் தீரவில்லை என்று சொன்னால், என்று தொடங்கும் கடைசி வாக்கியம் முடியாமலே நிற்கிறது. தொடர்ச்சி வேறொரு தகட்டில் இருந்திருக்கலாம்.

ஒரு நாட்டின் மிகப் பழைய ஆவணம் போர் வெற்றியையோ அரசனின் மெய்க்கீர்த்தியையோ சொல்லாமல், ஒரு குடும்பத்தின் கடன் தீர்ந்ததைச் சொல்வது என்னை ஆழமாகத் தொட்டது. நம் செப்பேடுகளில் பெரும்பாலானவை நிலக்கொடை பற்றியவை. கொடுப்பவரின் பெருமை அவற்றில் முன்னால் வரும். இங்கே வாங்கியவரின் பிள்ளைகளது நிம்மதி முன்னால் வருகிறது. எடையும் நாளும் சாட்சியும் எழுத்தும் தெரிந்த, கடனைப் பதிந்து கடனைத் தீர்க்கத் தெரிந்த ஒரு சமூகம் மெகல்லனுக்கு 621 ஆண்டுகளுக்கு முன்பே மணிலாவைச் சுற்றி வாழ்ந்திருக்கிறது. இந்தப் பேழைக்கு மட்டும் அரை மணி நேரம் ஒதுக்குங்கள். தமிழகக் கல்வெட்டெழுத்தில் பயிற்சி உள்ளவர்கள் கவி எழுத்தின் பட்டியல் ஒன்றை முன்கூட்டியே பார்த்துவிட்டுப் போனால், சில எழுத்துகளின் உறவைத் தாமே கண்டுகொள்ளலாம்.

செப்பேட்டைப் பார்த்தவர்கள் அடுத்துப் பாய்பாயின் எழுத்துகளைத் தேடிப் போக வேண்டும். ஸ்பானியர் வந்தபோது தகலோக் மக்கள் எழுதிக்கொண்டிருந்த இந்த எழுத்துமுறையில் உயிர் மூன்று, மெய் பதினான்கு, ஆகப் பதினேழு எழுத்துகள். மெய்யின் மேலே ஒரு சிறு குறி இட்டால் இகரம், கீழே இட்டால் உகரம். ஆனால் அகரத்தைக் களைந்து மெய்யைத் தனித்து நிறுத்தும் வழி அதில் இல்லை. புள்ளி இல்லாத தமிழை நினைத்துக்கொண்டால் உடனே விளங்கும். 17-ஆம் நூற்றாண்டில் ஸ்பானியப் பாதிரியார் ஒருவர் சிலுவை வடிவில் ஒரு குறியைச் சேர்த்து அந்தக் குறையை நீக்கப் பார்த்தார். மக்கள் அதை ஏற்கவில்லை. தகலோக் நிலத்தில் இந்த எழுத்து வழக்கொழிந்தாலும், மிண்டோரோவின் ஹனுனூ மங்யான் மக்களும் பலவான் தீவின் தக்பன்வா மக்களும் தங்கள் எழுத்துகளைக் கைவிடவில்லை. அவை 1999-இல் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டில் இடம்பெற்றன. ஹனுனூ மங்யான் மக்கள் ஏழசை அடிகளாலான அம்பஹான் பாடல்களை மூங்கிலில் கத்தி முனையால் கீறி எழுதுவார்கள். எழுத்தைக் காப்பாற்றியது பல்கலைக்கழகமோ கோயிலோ அல்ல, மலைக்குடிகள் என்பதை இங்கே மறக்க முடியாது.

மனுங்குல் தாழிதான் இந்த அருங்காட்சியகத்தின் முகம். பலவானின் தபோன் குகைத் தொகுதியில் 1964-இல் கண்டெடுக்கப்பட்ட ஈமத்தாழி, காலம் கி.மு. 890-க்கும் 710-க்கும் இடைப்பட்டது. முதலில் உடலை வேறிடத்தில் வைத்து, பின்னர் எலும்புகளை எடுத்துத் தாழியிலிடும் வழக்கத்தைச் சேர்ந்தது. மூடியின் மேல் ஒரு படகு. அதில் இரண்டு பேர். முன்னால் இருப்பவர் கைகளை மார்பின்மேல் குறுக்காக வைத்திருக்கிறார். பின்னால் இருப்பவர் துடுப்பைப் பிடித்திருக்கிறார். துடுப்பு உடைந்து போய்விட்டதால் பிடித்த கை மட்டும் மிஞ்சியிருக்கிறது. படகின் முகப்பில் கண்ணும் மூக்கும் வாயும் செதுக்கியிருக்கிறார்கள். தாழியின் தோளில் செங்காவி பூசிய அலை வளைவுகள். முதுமக்கள் தாழியைக் கண்டு வளர்ந்த நமக்கு உருவம் புதிதல்ல. இறந்தவர் கடல் தாண்டிப் போகிறார், அவரைக் கொண்டுபோய்ச் சேர்க்க ஒருவர் உடன் வருகிறார் என்ற எண்ணத்தை மண்ணில் இவ்வளவு அமைதியாகச் சொன்ன வேறொன்றை நான் பார்த்ததில்லை.

என் மூன்றாவது வருகையின்போது இந்தத் தாழியின் முன்னால் ஓர் அரசுப் பள்ளியின் பிள்ளைகள் முப்பது பேர் போல நின்றிருந்தார்கள். ஆசிரியை தாழியைக் காட்டி, இது யாருடையது என்று கேட்டார். பிள்ளைகள் ஒரே குரலில் 'ஆத்தின்' என்றார்கள். தகலோக்கில் எங்களுடையது என்பதற்கு ஆமின் என்றொரு தனிச்சொல் இருக்கிறது. அவர்கள் அதைச் சொல்லவில்லை. ஆத்தின் என்றால் நம்முடையது. பக்கத்தில் நின்ற அயல்நாட்டானாகிய நானும் அதற்குள் அடக்கம். தகலோக்கில் கேட்கும் ஆசிரியையை விலக்கிப் பேச அவர்களுக்குக் காரணமில்லை என்பதால் அந்தச் சொல் இயல்பாகவே வந்திருக்கும். ஆனாலும் சலசாரின் பல பக்க வாதத்தை அந்தப் பிள்ளைகளின் ஒற்றைச் சொல்லில் கேட்டது போல இருந்தது. அனுமதிக் கட்டணம் இல்லை என்பது இங்கே எவ்வளவு பெரிய செய்தி என்பதும் அப்போதுதான் உறைத்தது. 2016-இலிருந்து தேசிய அருங்காட்சியகத்தின் கூடங்கள் எல்லோருக்கும் இலவசம். கட்டணம் இருந்திருந்தால் அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் வந்திருப்பார்கள்?

தாழிகளின் வரிசையில் சரங்கானி மாகாணத்தின் மைத்தும் ஊரிலிருந்து 1991-இல் கிடைத்தவற்றையும் தவறவிடாதீர்கள். ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழைமையுள்ள அந்தத் தாழிகளின் மூடிகள் மனிதத் தலைகள். ஒன்று சிரிக்கிறது, ஒன்று துயரப்படுகிறது, ஒரு முகம் போல இன்னொரு முகம் இல்லை.

சான் தியேகோ கப்பலின் பொருள்களைப் பார்க்கும்போது நான் கையில் வைத்திருந்த அளவுகோல் சற்றுத் தடுமாறியது; அதனாலேயே அந்தப் பகுதி எனக்கு மிகவும் பிடித்தது. வணிகக் கப்பலாக இருந்து அவசரமாகப் போர்க்கப்பலாக மாற்றப்பட்ட அது, 1600 டிசம்பர் 14 அன்று டச்சுக் கப்பலொன்றோடு மோதி, பதங்காஸ் கடற்கரைக்கு அப்பால் மூழ்கியது. 1990-களின் தொடக்கத்தில் பிரெஞ்சுக் கடலடித் தொல்லியலாளர் பிராங்க் கோடியோவின் குழுவினர் தேசிய அருங்காட்சியகத்தோடு சேர்ந்து அதை அகழ்ந்து பல்லாயிரம் பொருள்களை மேலே கொண்டுவந்தார்கள். சீனத்து நீலவெண் பீங்கான், பர்மாவின் பெரிய சாடிகள், ஜப்பானிய வாள்களின் கைக்காப்புத் தகடுகள், ஸ்பானியப் பீரங்கி என்று ஆசியா முழுவதும் ஒரே கப்பலில் கிடந்திருக்கிறது. மணிலா எப்படிப்பட்ட சந்தையாக இருந்தது என்பதை எந்த நூலும் இவ்வளவு தெளிவாகச் சொல்லிவிடாது.

அந்தக் கப்பலுக்குத் தலைமை தாங்கியவர் அந்தோனியோ தெ மோர்கா, மணிலாவின் ஸ்பானிய உயர் வழக்காடு மன்ற நீதிபதி. கடற்போர் அனுபவம் இல்லாதவர். கப்பல் மூழ்கியது, அவர் பிழைத்தார். 1609-இல் மெக்சிகோவில் அவர் அச்சிட்ட நூல், 16-ஆம் நூற்றாண்டுப் பிலிப்பைன்ஸ் பற்றிய மிக முக்கியமான சான்றுகளில் ஒன்றாயிற்று. ஏறத்தாழ 280 ஆண்டுகள் கழித்து ஹோசே ரிசால் என்ற இளைஞர் லண்டனுக்குப் போய், பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் நூலகத்தில் அமர்ந்து அந்நூலைக் கையால் படியெடுத்தார். ஸ்பானியர் வருமுன் எங்களுக்கு எழுத்தும் தொழிலும் வாணிகமும் இருந்தன என்பதைக் காட்ட, பக்கத்துக்குப் பக்கம் குறிப்புகள் எழுதி, 1890-இல் பாரிஸிலிருந்து வெளியிட்டார். சலசாரின் கணக்கில் ரிசால் தலைமுறையின் எழுத்து காமி வகையைச் சேர்ந்தது: ஆள்பவரின் மொழியில், ஆள்பவரின் தீர்ப்பை எதிர்பார்த்து, 'நாங்கள்' என்று பேசியது. அந்தக் கருத்து முழுவதும் எனக்கு உடன்பாடானது அல்ல. ரிசால் தன் முன்னுரையைப் பிலிப்பினோக்களை நோக்கித்தான் எழுதினார். ஆனால் எழுதிய மொழி ஸ்பானியம்; அந்த மக்களில் மிகச் சிலரே அதைப் படிக்க முடிந்தது. நெஞ்சில் 'நாம்' இருந்து நாவில் 'நாங்கள்' வந்த நிலை அது. அவர் தேடிய சான்றுகள் அன்று மண்ணுக்குள்ளும் கடலுக்குள்ளும் இருந்தன. செப்பேடு அவருக்குக் கிடைக்கவில்லை. மனுங்குல் தாழி அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் எதிர்த்து வாதிட்ட மோர்காவின் கப்பலும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1896 டிசம்பர் 30 அன்று ஸ்பானிய ஆட்சி அவரைச் சுட்டுக் கொன்ற திடல்தான் இன்றைய ரிசால் பூங்கா. அவர் இல்லையென்று வருந்தியவை எல்லாம் இப்போது அதே பூங்காவில் ஒரே கூரையின்கீழ் இருக்கின்றன.

முற்றத்தில் இஃபுகாவோ மலைமக்களின் வீடு ஒன்றை அப்படியே கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள். நான்கு மரக்கால்களின்மேல், ஆணி அடிக்காமல் பொருத்தப்பட்ட மரவீடு. எலி ஏறாதபடி கால்களில் வட்டத் தடுப்புகள். மேலே கூம்பிய புற்கூரை. இஃபுகாவோ மலையின் அடுக்கு வயல்கள் 1995-இல் உலக மரபுச் சின்னப் பட்டியலில் சேர்ந்தவை. அவை 2,000 ஆண்டுப் பழையவை என்று தலைமுறை தலைமுறையாகப் பள்ளிகளில் சொல்லித்தந்தார்கள். தொல்லியலாளர் ஸ்டீபன் அகபாடோவும் அவருடைய குழுவினரும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து பழைய கியாங்கான் குடியிருப்பை அகழ்ந்தபோது கிடைத்த சான்றுகள் வேறு திசையைக் காட்டின. அங்கே முதலில் விளைந்தது சேம்பு. நீர் நிறுத்திய நெல்வயல்கள் பெருகியது ஸ்பானியர் காலத்தில், சுமார் 400 ஆண்டுகளுக்குள். சமவெளியில் ஸ்பானிய அதிகாரம் இறுகியபோது மலையேறிப் போய், அடிபணியாமல் வாழ்வதற்காக மக்கள் வெட்டிய வயல்கள் அவை என்று அகபாடோ வாதிடுகிறார்.

பழைமை குறைவது ஒரு சமூகத்துக்கு இழப்பு என்றே நாம் நினைத்துப் பழகியிருக்கிறோம். தமிழரான நமக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். என்னைக் கேட்டால், யாரென்றே தெரியாத முன்னோரின் 2,000 ஆண்டு அதிசயத்தைவிட, தம் பாட்டன் பாட்டியர் எதற்காக, எவரை எதிர்த்து அந்தக் கற்களை அடுக்கினார்கள் என்று தெரிந்திருப்பது ஒரு கிராமத்துக்கு அதிகப் பொருளுடையது. சாய்சாய் என்ற சொல் குறிப்பதும் அதுதானே. வீட்டைச் சுற்றி நடந்து முடித்தபின் முற்றத்தின் ஓரத்தில் உட்கார்ந்து இதைச் சற்று யோசித்துவிட்டு மேலே போங்கள்.

நெசவுக் கூடத்தை நான் விரைவாகவே கடந்தேன். துணி அறிந்தவர்கள் அப்படிச் செய்யக் கூடாது. அன்னாசி இலையின் நாரில் நெய்த பீன்யா, வாழை இனத்து அபாக்கா நாரில் திபோலி பெண்கள் கனவில் கண்ட கோலங்களை நெய்வதாகச் சொல்லும் தினாலாக் ஆகிய இரண்டும் பிலிப்பினோ நெசவின் பெருமைகள். மிண்டனாவோ தீவின் முஸ்லிம் சமூகங்களான மரனாவோ முதலியோரின் மரச்செதுக்கும் பித்தளை வேலையும் தனியே ஒரு நாள் கேட்பவை. மரனாவோ மக்களிடம் மகாராதியா லாவனா என்ற இராவணன் கதை வழங்குவதை 1960-களில் வெளியுலகுக்குக் கொண்டுவந்த பிலிப்பினோ அறிஞர் ஹுவான் பிரான்சிஸ்கோ, சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்து முனைவர் பட்டம் பெற்றவர். அந்தப் பெயர் நம் ஊரில் இன்னும் பரவலாகத் தெரிய வேண்டும் என்பது என் ஆசை.

வெளியே வந்ததும் வட்டத்தின் நடுவில் நிற்கும் பெரிய வெண்கலச் சிலை லாபுலாபுவினுடையது. 1521 ஏப்ரல் 27 அன்று மக்தான் தீவில் மெகல்லனை வீழ்த்திய தலைவர். உள்ளூர்களில் வரலாற்று உணர்வு எப்படி மாறியது என்பதைக் காண அந்தத் தீவிலுள்ள இரண்டு நினைவுப் பலகைகளே போதும். 1941-இல் வைத்தது, இந்த இடத்தில் மெகல்லன் இறந்தார், அவருடைய கப்பல்களில் ஒன்று உலகைச் சுற்றி முடித்தது என்று அவருடைய கதையைச் சொல்கிறது. பத்தாண்டு கழித்து 1951-இல் வைத்தது, இங்கே லாபுலாபுவும் அவருடைய ஆட்களும் படையெடுத்து வந்தவர்களை விரட்டினார்கள் என்கிறது. நிகழ்ச்சி ஒன்று, நாள் ஒன்று, இடம் ஒன்று. எழுவாய் மட்டும் மாறிவிட்டது. இடையில் 1946-இல் நாடு விடுதலை பெற்றிருந்தது. ஆண்டுதோறும் ஏப்ரலில் மக்தான் மக்கள் கடற்கரையில் அந்தப் போரை நடித்துக் காட்டுகிறார்கள்.

எல்லா ஊர்களும் எல்லாவற்றிலும் ஒத்துப்போவதில்லை. நாட்டின் முதல் ஈஸ்டர் திருப்பலி 1521-இல் நடந்தது தங்கள் ஊரில்தான் என்று லிமசாவா தீவினரும் புத்துவான் நகரத்தினரும் பல தலைமுறைகளாக வாதிட்டு வருகிறார்கள். 1960-இல் சட்டம் லிமசாவா பக்கம் நின்றது. 2020-இல் தேசிய வரலாற்று ஆணையமும் மறுபடி அதையே உறுதிசெய்தது. புத்துவானில் கிடைத்த பழம்படகுகளையும் பொன்னையும் பார்த்தவர்கள், அந்நகரின் பெருமைக்கு அந்தத் திருப்பலி தேவையே இல்லை என்பதை ஒப்புக்கொள்வார்கள். ஆயினும் ஓர் ஊர் தன் நினைவை விட்டுக்கொடுக்க மறுப்பதை நான் குறையாகக் கருதவில்லை. சமார் தீவின் பலங்கிகா ஊர் மக்கள், 1901-இல் அமெரிக்கப் படையினர் எடுத்துச் சென்ற தங்கள் தேவாலயத்தின் மூன்று மணிகளை 117 ஆண்டுகள் மறக்காமல் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான் அவை 2018 டிசம்பரில் திரும்பி வந்தன.

போவோருக்குச் சில செய்திகள். திங்கட்கிழமை விடுமுறை. எல்.ஆர்.டி. நகர ரயிலின் முதல் தடத்தில் யுனைடெட் நேஷன்ஸ் நிலையத்தில் இறங்கினால் நடந்தே வந்துவிடலாம். பைகளை வாயிலில் ஒப்படைக்க வேண்டும். மின்னொளி இல்லாமல் படமெடுக்கலாம். காலையிலேயே போய்விடுங்கள், பிற்பகலில் ஜூன் முதல் அக்டோபர் வரை மழை பிடித்துக்கொள்ளும். ஒரே நாளில் எதிரேயுள்ள இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தையும் சேர்த்துப் பார்க்கலாம் என்று சிலர் சொல்வார்கள், வேண்டாம். மானிடவியலுக்கு மட்டும் நான்கு மணி நேரம் வையுங்கள். காவலர்களிடமும் பணியாளர்களிடமும் பேசும்போது வாக்கியத்தின் முடிவில் 'போ' என்று சேருங்கள். அது நம் 'ங்க' போன்ற மரியாதைச் சொல். அதைச் சொன்ன பிறகு எனக்குக் கிடைத்த பொறுமையான விளக்கங்கள் பல. குழந்தைகளை அழைத்துப் போகலாம். தாழிகள் அவர்களை அச்சுறுத்துவதில்லை, கேள்வி கேட்கவே வைக்கின்றன.

மாலையில் கால் தாங்கினால் வடமேற்காக நடந்து இன்ட்ராமுரோஸ் கோட்டை நகருக்குப் போங்கள். அதன் தென்மேற்கு மூலையில் சான் தியேகோ கொத்தளம் இருக்கிறது. வட்டவட்டமாக ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கிய அதன் கற்சுவர்களை மேலே நின்று பார்க்கலாம். 1762-இல் பிரிட்டிஷ் படையினர் சென்னையிலிருந்து கப்பலில் புறப்பட்டு வந்து இந்தப் பக்கத்தைத்தான் பீரங்கியால் தகர்த்தார்கள். அக்டோபரில் மணிலா விழுந்தது. அந்தப் படையில் சென்னைப் பட்டாளத்தின் சிப்பாய்களும் இருந்தார்கள். 1764-இல் ஆங்கிலேயர் வெளியேறியபோது அவர்களில் பலர் கப்பலேறவில்லை. மணிலாவுக்குக் கிழக்கே கைன்டாவில் தங்கி, அங்கேயே மணமுடித்து, ஊரோடு கலந்துவிட்டார்கள். தங்கள் மூதாதையர் அந்தச் சிப்பாய்கள் என்று சொல்லும் குடும்பங்கள் கைன்டாவில் இன்றும் இருக்கின்றன. மணிலா நகரிலிருந்து ஜீப்னியில் போய்வரும் தூரம்தான். என் ஐந்தாவது பயணத்தை அருங்காட்சியகத்தில் தொடங்கி அங்கே முடிப்பதாக இருக்கிறேன்.